பெங்களூருவுக்கு எத்தனை எழுத்து?

‘பெங்களூரு’ என்ற சொல்லில் ஐந்து எழுத்து. பெ, ங், க, ளூ, ரு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் அதே சொல்லை ஸ்ட்ரிங்காக (எழுத்துச்சரமாக) கொடுத்து நீளம் கேட்டால் 9 என்கிறது. பழைய பைத்தான் 2-இல், யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சாதாரண ஸ்ட்ரிங்காகக் கேட்டிருந்தால் பைட்டுகளை எண்ணி 27 என்றிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் 9 எழுத்துதான். 2014 நவம்பர் 1 வரை வழங்கிய பழைய ஆங்கிலப் பெயருக்கும் 9தான். விடை சரியாக வந்துவிட்டது என்று ஏமாற நல்ல வாய்ப்பு.

பைத்தான் எண்ணியது எழுத்துகளை அல்ல, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையின் எண்களை. அந்த யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள். 247 எழுத்துக்கும் அதில் தனித்தனி எண் கிடையாது. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, ஆக 31 எழுத்துகளே ஒற்றை எண்ணில் அடங்குபவை. மெய் 18-க்கும் மற்ற உயிர்மெய் 198-க்கும் வழக்கமாக இரண்டிரண்டு எண்கள் வேண்டும். அதாவது கணினிக்கு ‘க’வைவிட ‘க்’ நீளமானது! மெய்யோடு அகரம் சேர்ந்தால் ‘க’ என்று நாம் படித்தோம். கணினியோ ‘க’வின்மேல் புள்ளி வைத்து ‘க்’ செய்கிறது. இது தமிழறியாதவர் செய்த கோளாறு என்று சொல்லிவிட முடியாது. புள்ளி நீங்கிய மெய் அகரத்தோடு ஒலிக்கும் என்று வரிவடிவத்தை வைத்துத் தொல்காப்பியரும் நூன்மரபில் பேசியிருக்கிறார். கணினி ஒலியை விட்டு ஏட்டின் வழியைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சிக்கல் பயிற்சிக் கணக்குகளில் வெளிப்படும். பெங்களூருவின் மாரத்தஹள்ளியிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ நிரலாக்கம் கற்கப் போகிறவருக்கு முதல் வாரங்களிலேயே வந்து சேரும் கணக்கு, ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்ப்பது. ஆங்கில எழுத்தில் ‘மலையாளம்’ என்று கொடுத்தால் தேறிவிடும். தெனாலிராமனால் தமிழிலும் கன்னடத்திலும் பேர்பெற்ற ‘விகடகவி’யைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள், இல்லை என்று வரும். நிரல் திருப்பியது ஏழு எண்களை. அதனால் கடைசி ‘வி’யின் இகரக் குறி தன் வகரத்தை விட்டு முன்னே வந்து அனாதையாக நிற்கிறது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகமும் இந்த நிரலிடம் தோற்றுத்தான் போகும்.

தேடலில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. ‘மர’ என்ற துண்டு ‘மருந்து’ என்ற சொல்லில் இருக்கிறதா? இருக்கிறது என்று கணினி சாதிக்கும். நமக்கு ‘ரு’ வேறெழுத்து. அதற்கோ ‘ர’வும் பக்கத்தில் ஒரு குறியும். ஆங்கில ஸ்ட்ரிங்கை மட்டும் வைத்துப் பழகியவருக்கு எழுத்தும் எண்ணும் ஒன்றே என்ற மயக்கம் நீங்குவதில்லை. முதல் பாடத்தையே தாய்மொழிச் சொல்லில் தொடங்கினால் அது அன்றே தெளிந்துவிடும் என்பது என் கட்சி. மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, பாடம் விளங்க இதுவே குறுக்கு வழி.

திருத்தம் எளிது. ஸ்ட்ரிங்கை ஒவ்வொரு எண்ணாக எடுத்து, வருவது புள்ளியோ கொம்பு, கால் போன்ற உயிர்க்குறியோ என்றால் முன்னதோடு ஒட்டு, இல்லையேல் புதிய எழுத்தாகத் தொடங்கு என்று எழுதினால் ‘பெங்களூரு’வுக்கு ஐந்து கிடைத்துவிடும். ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னெடுத்த ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தில் இதற்கு ஆயத்தமான கருவியே இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை தானே எழுதிப் பார்ப்பது நல்லது.

பக்கத்து இருக்கைக் கன்னட நண்பருக்கு இந்த விதி போதாது. அவருடைய ‘அக்க’வில் இரண்டாம் ககரம் முதலாவதன் கீழே ‘ஒத்து’ எனப்படும் துணைவடிவமாகத் தொங்குவதால் அது ஈரெழுத்துச் சொல், நம் நிரல் மூன்று என்னும். புள்ளிக்குப் பின் வரும் மெய்யையும் சேர்த்து ஒட்டு என்று அவர் ஒரு வரி கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த வரியை நாம் கடன் வாங்கினால் ‘ங்க’ ஓரெழுத்தாகிக் கணக்குக் கெடும். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துக்கு மட்டும் அது தேவைப்படலாம். அதை ஒன்றென்று எண்ணுவதா இரண்டென்று எண்ணுவதா என்பதை நிரல் எழுதுகிறவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.