மீனாய்வுக் கலங்களும் மீன்பெயர் வழக்கும்

கடற்றுறை எதற்கும் அணித்தல்லாத ஊர் ஒட்டன்சத்திரம். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தே, காய்கறிச் சந்தையாற் பெயர்பெற்ற இவ்வூரார் கடல்மீனைக் கருவாடாகவே மிகுதியும் அறிவர். நெய்தல் திணையைப் பாடஞ் சொல்லும் யாமும் நெய்தல் நிலத்தை நூல்வழியாகவே கற்றோம். ஆதலின், இவ்வூரிற் பிறந்து மீனாய்வுக் கலமொன்றில் அளவைத் தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்திருந்தகாலைத் தாம் நிரப்பும் பதிவுத்தாளின் அமைப்பை விளக்கியது எமக்குப் பெரிதும் புதுமையாக இருந்தது. அத்தாளில் இலத்தீன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. எடைக்கும் நீளத்துக்கும் ஆழத்துக்கும் உண்டு. கலத்திலுள்ள மீனவர் சொல்லும் பெயருக்குக் கட்டம் இல்லை. அதனை அவர் தாளின் ஓரத்திற் பென்சிலால் எழுதி வைக்கின்றார். அவ்வோரக் குறிப்பே இக்கட்டுரைக்கு வித்து.

முதற்கண் அப்பணி யாதென அறிதல் வேண்டும். இழுவலையைக் கடலில் இறக்குங்கால் கலம் நிற்கும் இடத்தின் குறுக்கு நெடுக்குக் கோடுகளும், நேரமும், ஆழமும் குறிக்கப்பெறும். ஆழத்தைப் போல் மும்மடங்கோ அதன் மேலோ கம்பிவடம் விடப்பட்டு, ஏறத்தாழ மூன்று கடல்மைல் விரைவில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வலை இழுக்கப்படும். வலையின் கடைசிப் பையாகிய மடி தளத்தின்மேல் அவிழ்க்கப்பட்டதும் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை தொடங்குகின்றது. குவியலை இனம் இனமாகப் பிரித்து நிறுத்தல், மிகப் பெருகிய இனத்தில் ஒரு பெட்டியளவு மாதிரியாக எடுத்தல், அளவுப் பலகையில் ஒவ்வொன்றாகக் கிடத்தி நீளம் பார்த்தல், வயிற்றைக் கீறி இரையும் சினைப்பருவமும் குறித்தல், வயதறியச் செவிக்கல்லை எடுத்து உறையிலிடல் என்று அது நீளும். ஒன்றரை மணி நேர இழுப்பில் 180 கிலோ கிடைத்ததாயின் மணிக்கு 120 கிலோ என்று எழுதுவர். இவ்வாறு மணிக்கணக்காக்கினாலன்றி ஓராண்டின் இழுப்பை மற்றோராண்டின் இழுப்போடு ஒப்பிட வழியில்லை. ஒன்றும் அகப்படாத இழுப்புக்கும் ஒரு வரி உண்டு என்பது கருதத்தக்கது. மீனவர் பாட்டிலும் வணிகர் கணக்கிலும் கிடைத்த மீனே இடம்பெறும். கிடைக்காமைக்கும் இடந்தருவது இவ்வாய்வேடு ஒன்றே.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழகக் கரையில் மீன்களை அறிவியல் முறையில் தொகுத்த முன்னோருள் ஒருவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த சமயப் பணியாளர் கிறித்தோபர் சாமுவேல் ஜான். அவர் பதப்படுத்தி அனுப்பிய மீன்களைப் பெர்லினில் ஆராய்ந்த புளோக், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஓரினத்துக்கு அவர் பெயராலேயே ‘ஜானியஸ்’ என்று பெயரிட்டார். அவ்வினத்துள் ஒன்று ‘ஜானியஸ் கருட்டா’. இதன் பின்மொழி இலத்தீன் அன்று. ‘கறுத்தக் கத்தலை’ என்னும் தமிழ்ப்பெயரின் முற்பாதியே அவ்வாறு உருத்திரிந்தது. மீனைக் கொண்டுவந்து கொடுத்த தரங்கம்பாடி மீனவர் எவரென்று ஏட்டில் இல்லை. அவர் வாய்ச்சொல் மட்டும் உலக அறிவியலேட்டில் நிலைத்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில், சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிசு டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலிலும் தமிழ்ப் பெயர்கள் பல இடம்பெற்றன. கரையிலும் அங்காடியிலும் நின்று மீனைக் கேட்டு வாங்கிய காலம் அது. கேட்டு வாங்குவோர்க்குப் பெயரும் உடன் கிடைத்தது.

நீராவிக் கலம் வந்தபின் இந்நிலை மாறிற்று என்பது எம் துணிபு. 1907-இல் ‘மார்கரிட்டா’ என்னும் கலம் இழுவலைக்கு ஏற்ற தரை தேடித் தென்கடலில் உலவியது. அதனைப் பற்றிச் சென்னை மீன்துறையைச் சார்ந்த ஜேம்சு ஹார்னெல் எழுதியுள்ளார். 1920-களில் இலங்கை அரசின் ‘லில்லா’ குமரிக்குத் தெற்கிலுள்ள வாட்ஜ் திட்டை ஆராய்ந்தது. 1927-இல் சென்னை மாகாணக் கரையை முறையாக அளக்கத் தொடங்கிய ‘லேடி கோசன்’ என்னும் கலம், அந்நாளைய ஆளுநர் மனைவியின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. கலம் ஆழ்கடலுக்குச் சென்றதால் மீன் மீனவர் கையிலிருந்து வாராது வலையிலிருந்தே நேரே தளத்தில் விழலாயிற்று. இடைநின்று பெயர் சொல்வார் அருகினர்.

1947 பிப்ரவரி 3-ஆம் நாள் நடுவணரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் தொடங்கப்பெற்று, 1949-இல் மண்டபத்துக்கும், 1971-இல் கொச்சிக்கும் பெயர்ந்தது. மண்டபத்தில் இருந்த காலம் தமிழ்ப் பெயர்களுக்கு நற்காலம். ஆய்வாளர் இராமேசுவரக் கரையினரோடு நாளும் பழகினர். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி வந்த ஆய்வுக் கலத்துக்குக் ‘கலவா’ எனப் பெயரிட்டனர். தமிழில் களவா என வழங்கும் பாறைத்தரை மீனின் மலையாள வழக்கு அது. ஆளுநர் மனைவியின் பெயர் நீங்கி மீனவர் சொல் கலத்தின்மேல் ஏறியது ஒரு பேறே. ஆயின் 1970-களில், ஐக்கிய நாடுகளின் துணையோடு நடந்த மேற்பரப்பு மீன் திட்டத்துக்கென வந்த கலம் ‘ராஸ்ட்ரெல்லிகர்’ எனப்பட்டது. சிறு வாரிகோலைத் தாங்கியது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். செவுளிலுள்ள சீப்புப் போன்ற நீள் முட்களால் அப்பெயர் வந்தது. அம்மீன் வேறன்று, அகநானூற்றிற் பெயர் காணும் அயிலையே என்பர். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அச்சொல் இன்றும் உயிரோடுள்ளது. கீழைக்கரையில் கானாங்கெளுத்தி என்றும் குமுளா என்றும் வழங்கும். ஒலியலை கொண்டு மன்னார் வளைகுடாவின் நெத்திலித் திரளை மதிப்பிட்ட பெருமை அக்கலத்துக்கு உண்டு. 1984-இல் டென்மார்க்கிற் கட்டி முடித்த ‘சாகர் சம்பதா’ வந்தபின் கலம் மிதக்கும் ஆய்வகமாகவே ஆகிவிட்டது.

தமிழ்ப் பெயருக்குக் கட்டம் வேண்டும் என்று யாம் கூறியபோது அவ்விளைஞர் உடன்படவில்லை. அவர் மறுப்பு வலியது. சென்னையிற் சீலா எனப்படுவது கூரிய பல்லுடைய ஒரு மீன். அதனைத் தூத்துக்குடியார் ஊழி என்பர். தூத்துக்குடியிலும் இராமநாதபுரக் கரையிலும் சீலா என்றால் சென்னையார் விலைகொடுத்து வாங்கும் வஞ்சிரம். குமரியில் அதுவே நெய்மீன். இப்பெயர்களை எடைக்கட்டத்தின் அருகில் எழுதினால் ஈரினத்தின் எடை ஒன்றாகிக் கணக்குக் கெடும். கெட்ட கணக்கைக் கொண்டு எத்தனை படகு எவ்விடத்திற் பிடிக்கலாம் என்று வரையறுத்தால் அதனால் இழப்பவன் மீனவனே. இலத்தீன் பெயர் அவனுக்குப் பகையன்று, காப்பு என்பது அவர் கருத்து. இதனை மறுக்க எமக்கு வலியில்லை. எனினும் யாம் வேண்டுவது கணக்குக்கு மாற்றன்று. மடியில் வீழ்ந்த மீனை இன்ன துறையார் இன்ன சொல்லால் அழைத்தனர் என்பதும் நாளும் இடமும் குறித்த சான்றே. கல்வெட்டில் ஊர்ப்பெயர் தேடும் நாம், நாள்தோறும் எழுதப்படும் இவ்வேட்டை நோக்காமை குறையாகும். அகராதி தொகுப்போர் கரைக்குச் சென்று கேட்ட சொற்களுள் காலமும் இடமும் துல்லியமாகக் குறிக்கப்பெற்றவை மிகச் சில. கலத்திலோ அவை இரண்டும் முன்னரே எழுதப்பட்டுள்ளன. சொல் ஒன்றே குறை.

அவர் காட்டிய குறிப்பேட்டுப் படிகளுள் ஒன்றை நெடுநேரம் பார்த்திருந்தோம். ஒரே மீன், எடை, நீளம், சினைப்பருவம் யாவும் மையில் எழுதியிருந்தன. ஓரத்திற் பென்சிலால் ‘ஊழி — தூத்துக்குடிக்காரர்’ என்றும், அதன் கீழே ‘சீலா — காசிமேட்டுக்காரர்’ என்றும் இருந்தது. அன்று தளத்தில் நின்ற இருவரும் தத்தம் பெயரே சரியென்று வாதிட்டனராம். ஆகவே இரண்டையும் எழுதினேன் என்றார்.