ஆத்தாவின் பட்டினி

என் அப்பாயியின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஏழு வயதில் வந்ததாம். கூடவே அவள் தம்பிக்கும் கண்டது. ஒரே வீடு, ஒரே வேப்பிலைப் படுக்கை, சமயபுரத்தாளுக்கு ஒரே நேர்த்திக்கடன். அக்கா எழுந்தாள், தம்பி எழவில்லை.

கொடிய பெரியம்மை, கண்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோனது. யாரை எடுக்கும், யாரை விடும் என்று எவருக்கும் தெரியாது. அந்த நோய்க்குத்தான் நம் சனங்கள் தாயின் பெயரை வைத்தார்கள். கொப்புளத்தை முத்து என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினால் அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, சண்டை கிடையாது. இளநீர், மோர், பானகம்தான் ஆகாரம். முத்து இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். பிள்ளையின் உடம்பில் ஆத்தா இருக்கிறாள், அருவருக்கக் கூடாது என்பாள் அப்பாயி.

பயத்தில் வைத்த பெயர் என்று கல்லூரி நாளில் அவளிடம் வாதிட்டேன். "தம்பியை ஏன் எடுத்துக்கிட்டா உன் ஆத்தா?" என்று கேட்டேன். "அது தெரியாமத்தான்டா வருசா வருசம் நடந்து போறேன், கேக்குறதுக்கு" என்றாள்.

ஒரு வருடம் நானும் போனேன். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள், உலகத்து உயிர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம். சன்னதியில் நின்றபோதுதான் உறைத்தது: அம்மை கண்ட பிள்ளையின் பத்தியம் அல்லவா இது!

அப்பாயி விதியென்று கைகட்டி இருந்தவளும் அல்ல. 1962இல் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தபோது, சிலர் பிள்ளைகளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்தார்கள். அப்பாயி என் கையைப் பிடித்து முதல் ஆளாக நீட்டினாள். 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள்.

நோய் போய்விட்டது, அம்மனின் பட்டினி தொடர்கிறது. தம்பி ஏன் செத்தான் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனால் பாயில் கிடந்த அந்தப் பையனோடு தானும் பத்தியம் காத்த ஒருத்தியிடம்தான் அப்பாயி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாசியிலும் பூத்தட்டோடு போகிறேன். அவள் கேள்வியை இப்போது நான் கேட்கிறேன்.