பழைய படங்களில் நிலத்தின் சரித்திரம்

ஓர் ஊரின் சரித்திரத்தை அறியக் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவது நம் வழக்கம். அவ்வூரின் நிலத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை அறிவதற்குச் சிறந்த ஆதாரம் பழைய தேசப்படமே. சித்தூர், திருப்பதிப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1802ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, முக்கோண அளவையைத் தொடங்கினார். தென்னாட்டின் துல்லியமான படங்களுக்கு அதுவே அடிப்படையாயிற்று. பின்னர், 1858 முதல் சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறையின் நில அளவை முறையாக நடைபெற்றது. இதனால் நமக்கு இருவகைப் படங்கள் கிடைத்தன. ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் படம் மலை, ஆறு, பாதை ஆகியவற்றை விளக்கும். ஒரு மைலைப் 16 அங்குலமாகக் காட்டும் கிராமப் படமோ ஒவ்வொரு புலத்தின் வரப்பையும், ஏரிப் புறம்போக்கையும், வாய்க்காலையும் காட்டும்.

இப்படங்களைத் தேடுவோர் எல்லைகளின் மாற்றத்தை முதலில் அறிதல் வேண்டும். சித்தூர் ஜில்லா 1911இல்தான் தோன்றியது. அதற்கு முன் சந்திரகிரி வட ஆர்க்காட்டையும், மதனப்பள்ளி கடப்பையையும் சார்ந்திருந்தன. 1953இல் ஜில்லா ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஒரே கிராமத்தின் படங்கள் பல கச்சேரிகளில் சிதறிக் கிடத்தல் கூடும்.

இப்பிரதேசம் ஏரிகளின் நாடு. பொன்முகலி என்று நாம் போற்றும் சுவர்ணமுகியில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. ஆதலின் முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பினால், மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து கீழேரியைச் சேரும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது, எந்த ஏரியின் உட்புறம் வயலாயிற்று, எந்த வாய்க்காலின் மேல் வீதி எழுந்தது என்பன புலனாகும்.

இது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது, திருப்பதியின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அருகிலுள்ள ராயலசெருவின் கரையில் கசிவு காணவே, கீழ்ப்புறத்துக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். நாம் மறந்த பாதையை நீர் மறப்பதில்லை. அப்பாதையை நமக்கு நினைவூட்டுவது பழைய படமே அன்றோ?

எனினும் படம் கூறுவதை அப்படியே நம்பிவிடலாகாது. அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியும் படத்தில் நீலமாகவே இருக்கலாம். கார்வேட்டிநகரம் போன்ற ஜமீன் பகுதிகளில், ரயத்துவாரி கிராமங்களைப் போலப் புலம் புலமாக அளவை நடைபெறவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பின்னரே அப்பணி அங்கே பரவியது. எனவே படத்தில் வெற்றிடமாகத் தோன்றுவது தரிசு என்று கொள்ளுதல் பிழையாகும்.

ஆகவே படத்தைக் கையில் ஏந்தி ஏரிக்கரைக்குச் செல்வோம். மதகையும் கலங்கலையும் நேரில் கண்டு, நீர் பாய்ச்சிய முதியோரை வினவுவோம். படமும் அவர்கள் சொல்லும் ஒத்து நிற்குமிடத்தில் நிலத்தின் மெய்ச் சரித்திரம் நமக்குக் கிட்டும். அம்முதியோர் நம்மிடை உள்ளபோதே அதனைச் செய்தல் நம் கடமையாகும்.