நுண்ணலை அடுப்பில் சீரற்ற சூடு: வீட்டுப் பயன்பாடு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ரேடாருக்காக உருவான மேக்னட்ரான் குழலைக் கொண்டு உணவைச் சூடாக்கும் முறைக்கு அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945இல் காப்புரிமை கோரினார். ஆளுயரத்துக்கு இருந்த அந்தக் கருவி சமையல் மேடையில் அடங்கும் அளவுக்குச் சுருங்க 1967 ஆகிவிட்டது. இன்று அதை வாங்கும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் கதிர்வீச்சைப் பற்றியே. அந்தக் கவலை இடம் மாறி விழுந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அஞ்ச வேண்டியது, ஒரே கிண்ணத்தில் ஓரிடம் கொதிக்க மற்றோரிடம் வெதுவெதுப்பாகவே நின்றுவிடும் சூட்டைத்தான்.

2. சூடு விழும் விதம்

வீட்டு அடுப்புகளின் அலைவெண் 2450 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 செ.மீ. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் அடங்கிவிடுகின்றன. தட்டு சுழல்வது இதை ஈடுகட்டத்தான். சுழலாதபடி செய்து, பச்சை அப்பளங்களைப் பரப்பிச் சிறிது நேரம் ஓட்டினால் உண்மை கண்ணுக்கே தெரியும்: திட்டுத்திட்டாகப் பொரிந்திருக்கும், இடையிடையே பச்சையாகக் கிடக்கும்.

உள்ளிருந்து வெளியே வேகிறது என்று சொல்வது தவறு. அலைகளின் ஆற்றல் பெரும்பாலும் மேலிருந்து இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குள்ளேயே செலவாகிவிடும், அதற்கும் உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் சேர வேண்டும். ஆகவே உணவைக் குவிக்காமல், நடுவில் குழிவிட்டு வளையமாகப் பரப்புவது நல்லது. பாதியில் நிறுத்திக் கிளற வேண்டும். முடிந்ததும் ஓரிரு நிமிடம் அப்படியே விட வேண்டும்.

உறைந்த இறைச்சியில் சிக்கல் இன்னும் கூடுதல். பனிக்கட்டி அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும், நீரோ நன்றாக உறிஞ்சும். முதலில் உருகிய ஓரம் மேலும் மேலும் சூட்டை வாங்கி வெந்துபோகும். நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். குறைந்த ‘பவர்’ இதற்காகவே. சாதாரண மாடல்களில் 50 சதவீதம் என்றால் மேக்னட்ரான் பாதி நேரம் முழு வேகத்தில் ஓடி, மீதி நேரம் ஓய்ந்திருக்கிறது. அந்த ஓய்வில்தான் சூடு உள்ளே பரவுகிறது.

3. சோறு

நம் வீடுகளில் இந்த அடுப்புக்கு அதிக வேலை கொடுப்பது மிஞ்சிய சோறுதான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலைக் கொதியையும் தாங்கிப் பிழைக்கும். வடித்த சோறு அறைச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகும். அவற்றில் சில உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மதியம் முழுவதும் மேடையில் கிடந்த சோற்றை எந்த அடுப்பாலும் மீட்க முடியாது. (நீரூற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோற்றின் கதை வேறு; அதற்கு அடுப்பே வேண்டாம்.)

அகலமான பாத்திரத்தில் விரைவாக ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்த சோறென்றால், கட்டிகளை உதிர்த்து, கொஞ்சம் நீர் தெளித்து, காற்றுப் போக இடம் விட்டு மூடிச் சூடாக்கலாம். நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கெட்டியான சாம்பாரின் ஓரம் குமிழியிட்டதை நம்பி எடுத்துவிடக் கூடாது.

4. வெடிப்பவை

வழவழப்பான கோப்பையில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் குமிழியிடாமல் இருக்கக்கூடும். காபித்தூளைப் போட்டவுடன் பொங்கி முகத்தில் தெறிக்கும். மரக்குச்சி ஒன்றை முன்பே போட்டு வைப்பது பாதுகாப்பு. முழு முட்டையை, வேகவைத்து ஓடு உரித்ததாக இருந்தாலும், உள்ளே வைக்கவே கூடாது, கடிக்கும்போதுகூட வெடிக்கும். குழந்தையின் பால் புட்டியும் வேண்டாம்: புட்டி ஆறியதுபோல் இருக்கும், உள்ளே ஒரு பகுதி நாவைச் சுடும்.

5. பாத்திரங்கள்

எவர்சில்வர் கிண்ணம் அலைகளைத் தடுப்பதால் உணவு சரியாகச் சூடாகாது. சுவருக்கு அருகே பொறியும் பறக்கலாம். தங்கக்கரை போட்ட பீங்கானுக்கும் இதே கதிதான். மெலமைன் தட்டுகள் தாமே சூடேறுவதால் ஏற்றவையல்ல. சந்தேகமான பாத்திரத்தைக் காலியாக, ஒரு கோப்பை நீரின் பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். நீர் ஆறியிருக்கப் பாத்திரம் சுட்டால் அது உதவாது.

6. கதவு, மின்சாரம்

அமெரிக்க விதிப்படி, அடுப்பின் வாழ்நாள் முழுவதும் 5 செ.மீ. தொலைவில் கசிவு ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவுக் கண்ணாடியிலுள்ள வலையின் துளைகள் மிகச் சிறியவை, 12 செ.மீ. அலை அவற்றின் வழியே வெளியேறுவது கடினம். கதவு வளைந்தாலோ தாழ் சரியாகப் பொருந்தாவிட்டாலோ பயன்படுத்தக் கூடாது. உள்ளே செல்போனை வைத்து மணியடிக்கிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல.

800 வாட் சூடு தரும் அடுப்பு 1200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும்; 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வெளிமூடியைக் கழற்றுவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.