எங்கள் சோப்புத்தூள் தோற்ற கதை

1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டிலேயே நிர்மா தயாரித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். இந்தியாவில் அதற்குப் பத்து வருஷம் முன்பே வந்த சர்ஃபைவிட விலை ரொம்பக் குறைவு. பயிற்சியில் இந்தக் கதையைக் கேட்டுத்தான் எங்கள் குழுவும் சோப்புத்தூள் செய்ய இறங்கியது.

விலையைக் குறைக்க, அழுக்கெடுக்கும் ஆசிட் ஸ்லரியைக் குறைத்து சலவை சோடாவையும் உப்பையும் கூட்டினோம். எங்க தெரு போர் தண்ணியோ உப்புத் தண்ணி. அதிலுள்ள கால்சியத்தோடு சோடா சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி துணியில் படியும். அழுக்கு போகலை; வெள்ளை வேட்டி பழுப்பேறி மொரமொரன்னு ஆச்சு. உப்பு எடையைக் கூட்டியதே தவிர அழுக்கை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கல்யாணப் பட்டையே அதில் ஊறவைத்துவிட்டார். பளபளப்பு போச்சு, சாயமும் இறங்கிப்போச்சு. தறிக்கார பெரியம்மா ஒருத்தர் கேட்டார்: "ஏம்மா, பட்டு நூல்ல பசை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டுத்தானே வேகவைக்கிறோம்? அளவு தப்புனா நூலே இத்துப்போவும். அதே சோடாவ பாக்கெட்ல போட்டு வித்தா?"

உண்மைதான். பருத்தி செடியில் விளைவது, காரம் தாங்கும். பட்டு, புழு தரும் புரதம், தாங்காது.

சேமிப்பிலிருந்து அக்காவுக்கு ஈடு கொடுத்தோம். சோடாவைக் குறைத்தோம், உப்பை நிறுத்தினோம், பாக்கெட்டில் "பட்டுக்கு ஆகாது" என்று அச்சடித்தோம். புதிதாகத் தொழில் தொடங்கும் சகோதரிகளே, உங்க ஊர் தண்ணியையும் துணியையும் முதலில் பாருங்க; விலையை அப்புறம் போடுங்க.