1525: பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள்



ஐயா நினைவாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது, அவரைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அவருக்குப் பிடித்திருக்காது. தன்னைப் பற்றி யாராவது இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் பேச்சை மாற்றிவிடுவார். அவரிடம் நான் கற்றது ஒரு பழக்கம். எந்த வரலாற்று நூலைக் கையில் எடுத்தாலும் கடைசியில் இருக்கும் பெயர் அட்டவணைக்குப் போய், அதில் உழைத்துச் செத்தவர்கள் எத்தனை பேர் பெயரோடு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. இன்று அந்தப் பழக்கத்தோடு ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் 1525.

அந்த ஆண்டுக்கு வழக்கமாக ஒரு பட்டியல் தருவார்கள். பிப்ரவரி 24: இத்தாலியில் பவியா என்ற ஊரில் போர்; பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் சிறைபிடிக்கப்பட்டார். வென்றது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. அன்று அவருக்கு 25ஆம் பிறந்தநாள். ஜூன் 13: மார்ட்டின் லூதர், மடத்திலிருந்து தப்பிவந்த துறவி கத்தரினா ஃபொன் போராவைத் திருமணம் செய்துகொண்டார். டிசம்பர் 30: ஆக்ஸ்பர்க் நகரத்துப் பெரும் வட்டிக்காரர் யாக்கோப் ஃபுக்கர் இறந்தார். பிறப்புகள்: இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்திரீனா, ஓவியர் பீட்டர் புரூகல். இவற்றுக்கு நடுவே ஒரு வரி: ஜெர்மனியில் உழவர் கலகம் ஒடுக்கப்பட்டது.

அந்த ஒரு வரிக்குள் கிடப்பவர்கள் 70,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பிறப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரரசரின் பிறந்தநாள் நாள் தவறாமல் தெரிகிறது. பலஸ்திரீனா 1594இல் இறந்தபோது எழுதப்பட்ட இரங்கல் குறிப்பில் அவர் வயது 68 என்று இருந்தது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் 1525 என்கிறார்கள். புரூகல் 1551இல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் பெயர் பதிந்தார். அதை வைத்து 1525இலிருந்து 1530க்குள் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். ஆக, கலைஞனுக்கே செத்த பிறகுதான் பிறப்பு கிடைக்கிறது. நம் தாத்தா பாட்டிகளுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதியது நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு வாத்தியாராவது கிடைத்தார். 1525இல் செத்த உழவர்களுக்கு ஆண்டையின் கணக்குப் புத்தகம் மட்டும்தான்.

அந்தக் கணக்குப் புத்தகத்தில் என்ன இருந்தது? தென்மேற்கு ஜெர்மனியின் பண்ணையடிமை முறைக்கு அவர்கள் மொழியில் இருக்கும் பெயரைப் பிரித்துப் பொருள் பார்த்தால், உடலே இன்னொருவருக்குச் சொந்தம் என்று வருகிறது. பண்ணையாள் செத்தால் வீட்டில் இருக்கும் நல்ல மாடு ஆண்டைக்கு. பெண் செத்தால் அவளுடைய நல்ல உடுப்பு ஆண்டைக்கு. பிணம் எடுக்கும் முன்பே தொழுவத்தைப் பார்க்க ஆள் வருவான். காட்டில் விறகு பொறுக்கக் கூடாது, ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது, பயிரை மேயும் மானை விரட்டக்கூடாது. வெட்டி வேலைக்கு அழைத்தால் சொந்த அறுவடையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அடிமைப்படுத்தியவர்கள் பிரபுக்கள் மட்டும் அல்லர். கெம்ப்டன் என்ற இடத்தில் ஆண்டையாக இருந்தவர் ஒரு மடாதிபதி. சுதந்திரமான பெண் அவருடைய அடிமையைக் கட்டிக்கொண்டால் அவளும் அடிமை, பிள்ளைகளும் அடிமை. கல்யாணத்தின் வழியே கீழே இழுப்பது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1525 மார்ச் முதல் வாரம். மெம்மிங்கன் என்ற சிறு நகரத்தில், வணிகர் சங்கத்துக் கட்டடத்தில், மூன்று உழவர் படைகளின் பிரதிநிதிகள் சுமார் 50 பேர் கூடினார்கள். பால்ட்ரிங்கன் படைக்குத் தலைவர் உல்ரிக் ஷ்மிட், கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். எழுத்து வேலைக்கு அவர் தேடிப்பிடித்த ஆள் செபாஸ்டியன் லோட்சர். விலங்கு மயிர்த்தோலில் ஆடை தைக்கும் தொழிலாளி. லோட்சரும், கிறிஸ்டோஃப் ஷாப்பெலர் என்ற போதகரும் சேர்ந்து எழுதியதுதான் 'பன்னிரண்டு கோரிக்கைகள்'. அச்சு வந்து சுமார் எழுபத்தைந்து ஆண்டுகளே ஆன காலம். இரண்டு மாதத்தில் 25க்கும் மேற்பட்ட பதிப்புகள், 25,000 பிரதிகள் போயிருக்கும் என்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, ஊரே கேட்டது.

கோரிக்கைகளைப் படித்தால் அவற்றின் நிதானம்தான் முதலில் தெரியும். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், தவறினால் நீக்குவோம். தானியத்தில் தசமபாகம் தருகிறோம். ஆனால் அது போதகருக்கும் ஏழைகளுக்கும் போகட்டும். காடும் ஆறும் எல்லோருக்கும். பிடுங்கிய பொதுநிலத்தைத் திருப்பித் தாருங்கள். சாவு வரி ஒழிய வேண்டும். விதவையையும் அநாதையையும் கொள்ளையடிக்கும் வரி அது. மூன்றாவது கோரிக்கைதான் உயிர்: கிறிஸ்து தம் இரத்தத்தால் ஆடு மேய்ப்பவனையும் அரசனையும் ஒன்றுபோல மீட்டார் என்றால், எங்களை இன்னொருவர் தம் உடைமை என்று சொல்வது எப்படி? பன்னிரண்டாவது இன்னும் வியப்பு. இவற்றில் எதுவாவது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினால் அதைக் கைவிடுகிறோம் என்றார்கள். ஆண்டைகள் எவரும் வேதத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. வேறொன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் ஐயா மன்னிக்கமாட்டார். அந்தச் சமூகத்தில் உழவருக்கும் கீழே ஆட்கள் இருந்தார்கள். செத்த மாட்டை உரிப்பவர், தூக்கிலிடுபவர் போன்றோர் 'மானமற்ற தொழில்' செய்வோர் எனப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகளைத் தொழிற்சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள். அவர்களைத் தொட்டாலே மானம் போகும் என்ற அச்சம் இருந்தது. லோட்சரின் தொழிலும் தோல்தான், ஆனால் அது சங்கம் வைத்திருந்த, மதிப்புள்ள தொழில். பன்னிரண்டு கோரிக்கைகளில் மாடு உரிப்பவருக்கென்று ஒரு வரி இல்லை. எந்த விடுதலை அறிக்கையையும் இந்தக் கேள்வியோடும் படித்துத்தான் ஆக வேண்டும்.

இனி லூதர். அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர்க் கூட்டத்துக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் லூதரைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பிய மக்களின் அரசியல் விடுதலைக்கு லூதர் தொடங்கிய மதச் சீர்திருத்தம் முன்னோடியாக இருந்தது என்கிறார். மதத்தைத் தொடாமல் அரசியல் மாற்றம் வராது என்று காட்ட வைத்த சான்று அது. அந்த வாதம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த முன்னோடியே 1525இல் எங்கே நின்றார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

லூதரின் தாத்தா உழவர், அப்பா சுரங்கத் தொழிலில் இருந்தவர். 1520இல் அவர் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறு நூல், விசுவாசி எவருக்கும் அடிமை அல்லன் என்று முழங்கியது. உழவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். 1525 ஏப்ரலில் லூதர் எழுதிய பதிலில் முதல் குற்றத்தைப் பிரபுக்கள் மீதும் ஆயர்கள் மீதும்தான் சுமத்தினார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் மூன்றாவது கோரிக்கைக்கு வந்தபோது, நீங்கள் கிறிஸ்தவச் சுதந்திரத்தை உடலுக்குரியதாக்கிவிட்டீர்கள் என்றார். கைதியும் நோயாளியும் கிறிஸ்தவராக இருக்கலாம், ஆனால் விடுபட்டவர்கள் அல்லர். அதுபோல அடிமையும் அடிமையாக இருந்துகொண்டே கிறிஸ்தவச் சுதந்திரம் உடையவனாக இருக்கலாம் என்பது அவர் வாதம். ஆத்துமா ஒரு ராஜ்யம், உடல் வேறு ராஜ்யம்.

மே மாதம் அவர் எழுதிய இரண்டாவது நூலில் வாதம்கூட இல்லை. கலகம் செய்யும் உழவரை வெறிநாயைக் கொல்வதுபோல, முடிந்தவர் முடிந்த விதத்தில் கொல்லுங்கள் என்று எழுதினார். நூல் பரவிய நேரத்தில் கொலைகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

உழவர் தரப்பிலும் இரத்தம் உண்டு. ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு, வைன்ஸ்பெர்க் என்ற ஊரில் ஹெல்ஃபன்ஸ்டைன் பிரபுவையும் அவருடைய ஆட்களையும் ஈட்டி வரிசைக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவி குழந்தையோடு கெஞ்சியும் விடவில்லை. இதை எல்லா நூல்களும் விரிவாக எழுதும். அதற்குத் தலைமை தாங்கிய யாக்லைன் ரோர்பாக்கை மரத்தில் சங்கிலியால் கட்டிச் சுற்றிலும் தீ மூட்டி மெல்ல மெல்ல வாட்டியதைச் சில நூல்களே எழுதும். கிட்சிங்கன் நகரத்தில் சுமார் 60 பேருடைய கண்களைப் பிடுங்கியதை இன்னும் சில.

தொடக்கத்தில் பிரபுக்களிடம் போதிய படை இல்லை. கூலிப்படையினர் இத்தாலியில் இருந்தார்கள். பவியா வெற்றிக்குப் பிறகு அவர்கள் வேலை தேடி வடக்கே திரும்பினார்கள். கூலிக்கு ஃபுக்கரின் பணம் இருந்தது. பட்டியலில் தனித்தனி வரிகளாக நிற்கும் பவியாவும், ஃபுக்கரும், உழவர் கலகமும் இப்படித்தான் ஒரே கதை.

மே 15, பிராங்கன்ஹவுசன். வானவில் கொடியோடு குன்றின்மேல் நின்றவர்களுக்குத் தலைமைப் போதகர் தாமஸ் முன்சர். தண்ணீரில் மீனும் காற்றில் பறவையும் மண்ணில் செடியும் தமதே என்று எடுத்துக்கொண்ட பிரபுக்கள்தாம் ஏழையிடம் களவு செய்யாதே என்று போதிக்கிறார்கள் என்று முந்தைய ஆண்டே எழுதியவர் அவர். பீரங்கிகளுக்கு எதிரே அரிவாளும் கவைக்கோலும். ஒரே நாளில் சுமார் 6,000 பேர் செத்தார்கள். சித்திரவதைக்குப் பின் மே 27 அன்று முன்சரின் தலை வெட்டப்பட்டது. பதினேழு நாள் கழித்து லூதருக்குக் கல்யாணம்.

உழவர் பக்கம் சாய்ந்த கலைஞர்களும் தப்பவில்லை. வூர்ட்ஸ்பர்க்கின் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் முன்பு நகர மேயராக இருந்தவர். உழவர்களுக்கு எதிராகப் போகமாட்டோம் என்று நின்ற நகரமன்றத்தில் அவரும் இருந்தார். கோட்டைச் சிறையில் வதைத்தார்கள். வெளியே வந்தபின் அவர் பெரிதாக எதுவும் செதுக்கவில்லை.

அதே 1525இல் ஆல்பிரெக்ட் ட்யூரர் அளவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைவது எப்படி என்று சொல்லும் பாடநூல். அதில், உழவர்களை வென்றதற்கு வெற்றித்தூண் எழுப்ப விரும்பினால் இப்படிச் செய்யலாம் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. அடியில் கட்டப்பட்ட மாடுகள், ஆடுகள், பன்றிகள். அதன்மேல் கூடைகள், தானியப் பெட்டி, கொப்பரை, வெண்ணெய் கடையும் பானை, பால் குடம். அதற்கும் மேல் கதிர்க்கட்டில் கட்டிய மண்வெட்டி, கவைக்கோல், சூடடிக்கும் கோல். அப்புறம் கோழிக்கூண்டு. உச்சியில் ஓர் உழவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முதுகில் வாள் செருகியிருக்கிறது. உழவரைக் கேலி செய்கிறாரா, வென்றவரைக் கேலி செய்கிறாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்த முதுகு போதும். எதிரே நின்று சண்டையிட்டவருக்கு முதுகில் வாள் பாயாது என்பது ட்யூரருக்குத் தெரியாதா?

லூதரின் அந்த வாதம் ஜெர்மனியோடு நிற்கவில்லை. அவர் வழிவந்த சபை 1706 ஜூலையில் சீகன்பால்கோடு தரங்கம்பாடியில் இறங்கியது. தமிழில் வேதம் வந்தது, அச்சு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அவற்றால் நம்மவர் பெற்றது பெரிது. ஆனால் கோயிலுக்குள் உட்காரும் இடம் தனித்தனி. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது, சாதியை விட மனமில்லாத கிறிஸ்தவர் பலர் பின்னர் லூத்தரன் லைப்சிக் மிஷனில் இடம் தேடினார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரால் சொன்ன நியாயம் இதுதான்: சாதி உலகியல் ஏற்பாடு, விசுவாசத்தைச் சேர்ந்ததன்று, மெல்லத்தான் நீங்கும். ஆத்துமா ஒரு ராஜ்யம், உடல் வேறு ராஜ்யம். 1525இல் மெம்மிங்கன் உழவருக்குச் சொன்ன பதிலை முந்நூறு ஆண்டு கழித்துத் தரங்கம்பாடிப் பறையருக்கும் சொன்னார்கள்.

மெம்மிங்கன் பின்னாளில் பவேரியாவோடு சேர்ந்தது. அங்கே பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1808இல். மூன்றாவது கோரிக்கை எழுதி 283 ஆண்டுகள். 2025இல் ஐந்நூறாம் ஆண்டைக் கொண்டாட ஜெர்மன் குடியரசுத் தலைவரே மெம்மிங்கன் வந்து பேசினார்.

அதை எழுதிய தோலாடைத் தொழிலாளி லோட்சர், படை தோற்றதும் சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் பக்கம் தப்பிப் போனார். அதுவரை தெரிகிறது. அதன்பின் அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் எந்த ஆண்டு இறந்தார் என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.