சந்தியாகப்பர் சாலையில் ஓர் இரவுப் படுக்கை

கமினோ நடக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஷூவைப் பற்றியது. இரண்டாவது, “டென்ட் எடுத்துட்டுப் போகணுமா, இல்ல ஹாஸ்டலே போதுமா?” முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்குச் சொல்ல ஆரம்பித்தால் ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கேட்டவர்கள் பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று ஓர் ஊர். இயேசுவின் சீடரான யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து நம்பப்படுகிறது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுவது இவரைத்தான். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில்கூட அவருக்குக் கோயில் இருக்கிறது. அந்தக் கல்லறைக்குப் போகும் பாதைகளுக்குத்தான் கமினோ என்று பெயர். பிரெஞ்சு எல்லையில் பைரனீஸ் மலையடிவாரத்திலிருந்து போகும் பிரதான பாதை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நடக்க ஒரு மாதம், கொஞ்சம் கூடவே ஆகும். ஒரு மாதம் என்றால் முப்பது இரவுகள். அந்த இரவுகளைப் பற்றித்தான் கேள்வி.

வழியெங்கும் அல்பெர்கே என்ற விடுதிகள் இருக்கின்றன. யாத்ரீகர்களுக்கு மட்டுமேயான இடங்கள். அடுக்குக்கட்டில்கள், ஒரே கூடத்தில் இருபது முப்பது பேர், பத்து மணிக்கு விளக்கணைப்பு, காலை எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும், உடம்பு சரியில்லாதவர் தவிர யாருக்கும் இரண்டாம் இரவு கிடையாது. குறட்டை உண்டு. சில வருடங்களில் மூட்டைப்பூச்சியும் உண்டு. டென்ட் ஆசை வருவது இதனால்தான். நட்சத்திரம், தனிமை, இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும் சுதந்திரம் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் ஸ்பெயினில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, பெரும்பாலான இடங்களில் கட்டுப்பாடுதான்.

இதெல்லாம் நடைமுறை விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாலை முதலில் வந்தது, தங்குமிடம் பிறகு வந்தது என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். கமினோவில் பல இடங்களில் கதை தலைகீழ். பதினோராம் நூற்றாண்டில் தொமிங்கோ என்று ஒருவர் இருந்தார். துறவியாகச் சேர மடங்களில் கேட்டுப் பார்த்தார், யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தனியாக இருந்துகொண்டு யாத்ரீகர்களுக்காக ஆற்றுக்குப் பாலம் கட்டினார், காட்டை வெட்டிக் கல் பாவிய பாதை போட்டார், பிறகு ஒரு சத்திரம். பழைய ரோமானியச் சாலை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் அதை விட்டுவிட்டு தொமிங்கோவின் பாலத்துக்கும் கூரைக்கும் வந்தார்கள், சாலையே வளைந்து வந்துவிட்டது. அவர் 1109இல் இறந்தார். அவரைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்றுதான் பெயர். ‘கல்சாதா’ என்றால் கல் பாவிய பாதை. அவருடைய சீடர் ஹுவான் தெ ஒர்தேகா, கொள்ளையர்களுக்குப் பெயர்போன ஓகா மலைக்காட்டில் இதே வேலையைத் தொடர்ந்தார்.

பைரனீஸைத் தாண்டி இறங்கியதும் வரும் ரொன்செஸ்வாயேஸ் சத்திரம் 1130களை ஒட்டி பாம்ப்லோனாவின் பிஷப் ஏற்படுத்தியது. கணவாயின் உச்சியில் ஒரு சிறு கோயில். மூடுபனி இறங்கினால் அங்கே மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள், வழி தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்து வந்து சேரட்டும் என்று. கீழே சத்திரத்தில் கால் கழுவிவிட்டார்கள், முடி வெட்டிவிட்டார்கள், செருப்புத் தைத்துக் கொடுத்தார்கள். யூதர், வேறு மதத்தார் என்று பார்க்காமல் கதவு திறக்கும் என்று அந்த இடத்துக்குப் பெயர் இருந்தது.

யாத்ரீகர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது அந்தக் கால வழிகாட்டிகளைப் பார்த்தாலே தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கோடெக்ஸ் காலிக்ஸ்தினுஸ் என்ற தொகுப்பின் ஐந்தாம் பகுதி, ஐரோப்பாவின் பழைய பயண வழிகாட்டிகளில் ஒன்று. உலகின் மூன்று பெரிய சத்திரங்கள் என்று அது சிலவற்றைச் சொல்கிறது. ஒன்று எருசலேமில், ஒன்று ஆல்ப்ஸ் கணவாயில், மூன்றாவது பைரனீஸின் சோம்போர்ட் கணவாயில். 1495இல் வெளிவந்த ஹெர்மன் கூனிக்கின் ஜெர்மன் வழிகாட்டி இன்னும் சுவாரஸ்யம். மனிதர் அழகான தேவாலயங்களைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. எங்கே படுக்கை, எங்கே ரொட்டி, எந்தப் பாலத்தில் சுங்கம், இதுதான் அவருக்குக் கவலை. புர்கோஸ் நகரில் மட்டும் 32 சத்திரங்கள் என்று எழுதுகிறார். நடந்து பார்த்தவனுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் வெட்டவெளியில் படுப்பது சுதந்திரமாக இருக்கவில்லை. கூடாரம் படைகளோடும் பிரபுக்களோடும் போன பொருள், தூக்க ஆள் வேண்டும். ஏழைக்கு வைக்கோற்போரும் தேவாலயத் தாழ்வாரமும்தான். போலோன்யாவைச் சேர்ந்த பாதிரியார் தொமெனிகோ லாஃபி பதினேழாம் நூற்றாண்டில் இந்த வழியில் நடந்தவர். எல் புர்கோ ரனேரோ என்ற சமவெளிக் கிராமத்துக்கு முன்னால் வழியில் ஒரு யாத்ரீகர் செத்துக் கிடந்ததையும், இரண்டு ஓநாய்கள் உடலைத் தின்ன ஆரம்பித்திருந்ததையும் எழுதியிருக்கிறார். ஓநாய்களை விரட்டிவிட்டு, ஊருக்குள் போய்ப் பாதிரியாரிடம் சொன்னார்களாம். மரத்தின் நிழல்கூட அபூர்வமான அந்த மெசெதா சமவெளியில் நடக்கும்போது எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

கூரைக்குள் வந்தால் மட்டும் எல்லாம் புனிதம் என்றில்லை. சந்தியாகோ பேராலயத்தில் யாத்ரீகர்கள் இரவு முழுக்கக் கண்விழித்து இருப்பார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் எந்த நாட்டுக்காரர் இருப்பது என்று சண்டை வந்து, கத்திக்குத்து வரை போகும். ரத்தம் சிந்திய கோயிலை ஒவ்வொரு தடவையும் முறைப்படி மறு அர்ப்பணிப்பு செய்ய வேண்டும். அது பெரிய சடங்கு. இது அடிக்கடி நடந்ததால் 1207இல் போப் மூன்றாம் இன்னசென்ட், தண்ணீர், திராட்சை மது, சாம்பல் கொண்டு சுருக்கமாகச் செய்துகொள்ள அனுமதி கொடுத்தார்! படுக்கைச் சண்டை என்பது புதிதல்ல.

கூரைக்கு இன்னொரு விலையும் இருந்தது. கதவு இருந்தால் கதவைக் காப்பவரும் இருப்பார். இலவச ரொட்டிக்காக யாத்ரீகர் வேஷம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புகார் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வளர்ந்தது. 1590இல் இரண்டாம் பிலிப் மன்னர், ஸ்பெயின்காரர்கள் யாத்ரீக உடை அணியவே தடை போட்டார். நடக்க வேண்டுமென்றால் உள்ளூர் நீதிபதி அனுமதி வேண்டும். யார் பக்தன், யார் பிச்சைக்காரன் என்று அதிகாரி முடிவு செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கு நாம் ஒவ்வொரு ஊரிலும் ஆசை ஆசையாக முத்திரை குத்திச் சேர்க்கும் யாத்ரீக பாஸ்போர்ட்டின் மூதாதைகளில் இந்த அனுமதியும் ஒன்று. அதைக் காட்டாமல் இன்றும் அல்பெர்கேயில் படுக்கை கிடையாது.

பிறகு வீழ்ச்சி. சீர்திருத்த சபைகளின் காலத்தில் வடக்கிலிருந்து வரும் கூட்டம் குறைந்தது. 1589இல் ஆங்கிலேயக் கப்பற்படைக்குப் பயந்து புனிதரின் எலும்புகளை ஒளித்து வைத்தார்கள். அவை மறுபடி கண்டெடுக்கப்பட்டது 1879இல். இடையில் 1836இல் அரசு மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்றது. சத்திரங்களின் கூரை போயிற்று, நடப்பவர்களும் அற்றுப்போனார்கள். பக்தி குறைந்ததால் சாலை செத்தது என்பார்கள். படுக்கை இல்லாமல் போனதும் அதே அளவுக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மீட்டெடுத்தவர் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீன்யா. 1984இல் காரில் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, பாதை நெடுக அம்புக்குறி போட்டவர். அப்போது நடந்தவர்கள் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. 1993 புனித ஆண்டை ஒட்டி கலீசியா மாநில அரசு தன் பகுதியில் வரிசையாக அல்பெர்கேகளைக் கட்டியது. கூரை திரும்பி வந்தது, கூட்டமும் வந்தது. 2024இல் கொம்போஸ்தெலா சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் உண்டு என்பதால் சாரியா என்ற ஊரிலிருந்து நெரிசல். காலை ஐந்து மணிக்கே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு படுக்கை பிடிக்க ஓடுகிறார்கள். பணம் உள்ளவர்கள் போனில் முன்பதிவு செய்துவிட்டு, மூட்டையைக் காரில் அனுப்பிவிட்டுக் கைவீசி வருகிறார்கள்.

இதனால்தான் டென்ட் மறுபடி பார்வையில் படுகிறது. லியோனுக்கு முன்னால் ஒரு கிராமத்துத் தேவாலய வாசலில் சின்னக் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்த இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். இயற்கை, தனிமை என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “படுக்கைக்குப் பதினஞ்சு யூரோ குடுத்தா ரெண்டு நாள் சாப்பாடு போச்சு சார்” என்கிற தொனியில்தான் பதில் வந்தது. ஏழைகளுக்காகப் போட்ட சாலையில் ஏழை வெளியே படுக்கிறான்.

லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள், விருந்து கொடுப்பவர் என்றும் பொருள். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் அந்த வேரிலிருந்து கிளம்பியவை. டென்ட்காரன் யாருக்கும் விருந்தாளி இல்லை. அது அவனுடைய பலம், எனக்கு அதுவே குறையாகவும் படுகிறது. ஆனால் கிரெடிட் கார்டில் அறை எடுத்தவனும் யாருக்கும் விருந்தாளி இல்லையே. சந்தியாகோவில் கத்தோலிக்க மன்னர்கள் 1499இல் யாத்ரீகர்களுக்காகக் கட்ட உத்தரவிட்ட பெரிய மருத்துவமனை 1954 முதல் ஆடம்பர ஹோட்டல். சாந்தோ தொமிங்கோவின் சத்திரமும் இப்போது அப்படித்தான்.

பழைய முறை முழுக்க அழிந்துவிடவில்லை. கிரான்யோன் ஊரில் தேவாலய மணிக்கூண்டை ஒட்டிய மாடியில் தரையில் பாய் போட்டுப் படுக்கலாம். எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம். வாசலில் ஒரு பெட்டி திறந்தே இருக்கிறது. முடிந்ததைப் போடு, தேவையானால் எடுத்துக்கொள் என்பது அதன் விதி. ஒன்றுமே போடாமல் போகும் வசதிக்காரர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனாலும் இதை வைத்துத்தான் கேட்கிறவர்களுக்கு, ‘டென்ட் வேண்டாம், நல்ல பாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறேன். படுக்கை தீர்ந்துவிட்டாலும், தரையில் இடம் கொடுக்கும் ஒரு மனிதர் அடுத்த ஊரில் கிடைப்பார். பாய் வைத்திருப்பவர் அவரைக் கேட்டே ஆக வேண்டும்.

காஸ்த்ரோஹெரிஸுக்குச் சற்று முன்னால் சான் அந்தோன் மடத்தின் இடிபாடு. சாலை அதன் வளைவுக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. கெட்டுப்போன ரை தானிய ரொட்டியால் வரும் ‘அந்தோணியார் நெருப்பு’ என்ற நோய்க்கு இங்கிருந்த துறவிகள் வைத்தியம் பார்த்தார்கள். இப்போது கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே மின்சாரமில்லாத ஒரு சிறிய அல்பெர்கே நடக்கிறது. வளைவுக்குக் கீழே சுவரில் மாடங்கள் இருக்கின்றன. கதவு சாத்திய பிறகு வந்து சேர்கிறவர்களுக்காகத் துறவிகள் அதில் ரொட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். நான் போனபோது அதில் மடித்த காகிதச் சீட்டுகள் இருந்தன, காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்.